பெங்களூரிலிருந்து முதல் கயாக்: துடுப்புக்கு முன்னால் விழப் பழகுங்கள்

ஒகேனக்கல் பரிசல் வட்டமானது. விட்டால் தானாகச் சுற்றும். கயாக் நீளமும் ஒடுக்கமுமாக இருப்பதால் நேராக ஓடும், ஆனால் ஆள் சாய்ந்தால் அதுவும் சாயும். (ஒற்றைப் பலகைத் துடுப்பு என்றால் கேனோ, இரு முனையிலும் பலகை என்றால் கயாக்.) இங்கே சொல்வது மேலே உட்கார்ந்து ஓட்டும் திறந்த கயாக் பற்றி. மூடிய கயாக் பிறகு போதும்.

எங்கே?

சுமார் 100 கி.மீ. தள்ளி இருக்கும் பீமேஸ்வரிதான் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வரும். ஆனால் அது ஓடும் காவிரி. கே.ஆர்.எஸ்., கபினி அணைகளில் தண்ணீர் திறந்தால் மட்டம் ஏறும், முதலையும் உண்டு. விழுந்து பழக ஏற்ற இடம் இல்லை. சிவமொக்கா மாவட்டத்தில் சாகர் பக்கம் இருக்கும் ஹொன்னேமரடு, லிங்கனமக்கி அணையின் தேங்கிய நீர். பயணம் நீளம்தான், ஆனாலும் முதல் பாடத்துக்கு அதுவே நல்லது.

கரையில் 10 நிமிடம்

லைஃப் ஜாக்கெட்டின் எல்லாக் கொக்கியையும் மாட்டி வாரை இறுக்குங்கள். தோள்பட்டையில் பிடித்து யாரையாவது மேலே தூக்கச் சொல்லுங்கள். மூக்குவரை ஏறினால் அது உங்கள் சைஸ் இல்லை. ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் கனக்கும்.

படகின் பின்பக்கம் தண்ணீர் வடிக்கும் மூடி இறுகியிருக்கிறதா என்று திருகிப் பாருங்கள். தளர்ந்திருந்தால் படகின் உள்கூடு மெல்ல நிறையும். உங்களுக்குத் தெரியவே தெரியாது. இருக்கையடியில் இருக்கும் ஓட்டைகள் வேறு. அவற்றின் வழியே கொஞ்சம் தண்ணீர் வரத்தான் செய்யும், பதறாதீர்கள்.

சராசரி உயரத்துக்கு 220–230 செ.மீ. துடுப்பு போதும். அதைத் தலைமேல் வைத்துப் பிடிக்கும்போது முழங்கை 90 பாகை மடங்கினால் கைகளின் இடைவெளி சரி. பலகையின் குழிந்த பக்கம் உங்களைப் பார்க்க வேண்டும், நீண்ட விளிம்பு மேலே.

விழுந்து ஏறுவது

நெஞ்சளவுத் தேங்கிய தண்ணீரில், பயிற்சியாளர் பக்கத்தில் நிற்க, வேண்டுமென்றே கவிழுங்கள். படகை நிமிர்த்தி, பக்கவாட்டில் நடுப்பகுதிக்கு வாருங்கள். சுவரேறுவதுபோல் கையால் எம்பினால் கால் படகுக்கு அடியில் போய்விடும், படகு உங்கள்மேல் கவிழும். அதனால் முதலில் கால்களை உதைத்து உடம்பை நீர்மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். பிறகு எதிர் விளிம்பைப் பிடித்து இழுத்து, வயிற்றை இருக்கைமேல் குறுக்கே போடுங்கள். புரண்டு உட்காருங்கள். கால் கடைசியில்தான் உள்ளே வரும். முழங்காலை முதலில் ஏற்றுபவர்கள்தான் மறுபடி விழுகிறார்கள். மூன்று முறை தனியாக ஏறிவிட்டால் துடுப்பை எடுங்கள்.

துடுப்பு

முழங்கால் லேசாக மடங்கி, பாதம் மிதிகட்டையில் பதிந்திருக்கட்டும். வலப்பக்கம் போடும்போது வலத்தோள் முன்னே போகட்டும். கால்விரல் அருகே பலகையை முழுதும் முக்கி, வலக்காலை அழுத்தி, உடம்பைத் திருப்பி இழுங்கள். இடுப்புக்கு நேரே வந்ததும் வெளியே எடுத்துவிடுங்கள். அதைத் தாண்டி இழுத்தால் பலகை தண்ணீரை மேலே அள்ளும், படகின் மூக்கும் எதிர்ப்பக்கம் திரும்பும். புதியவர்கள் பாம்புபோல வளைந்து போவது பெரும்பாலும் இதனால்தான். கட்டைவிரல் இடுக்கில் கொப்புளம் வந்தால் பிடி இறுக்கம் என்று அர்த்தம்.

இடப்பக்கம் திரும்ப, வலப்பக்கத்தில் முன்னிருந்து பின்நுனிவரை அரைவட்டமாக, ஆழமில்லாமல் அகலமாக வீசுங்கள். நிறுத்த, இருபக்கமும் மாறிமாறிப் பின்னிருந்து முன்னோக்கித் தள்ளுங்கள்.

வழிகாட்டி பெரும்பாலும் கன்னடத்தில்தான் கத்துவார்: முந்தே (முன்னே), ஹிந்தே (பின்னே), எடக்கே (இடப்பக்கம்), பலக்கே (வலப்பக்கம்), நில்சி (நிறுத்து). நம் காதைக் குழப்புவது ஹிந்தே ஒன்றுதான். நம்ம ‘பின்’ அங்கே ‘ஹின்’.

ஆறும் கழிமுகமும்

ஓடும் ஆற்றில் பாறைமேல் பக்கவாட்டில் மோதினால் பாறையை நோக்கிச் சாயுங்கள். பயத்தில் எதிர்ப்பக்கம் சாய்ந்தால், வரும் தண்ணீர் அந்த விளிம்பை அமுக்கிக் கவிழ்த்துவிடும். விழுந்துவிட்டால் மல்லாந்து, கால் நீரோட்டத் திசையில் நீட்டி, பாதம் நீருக்கு மேலே தெரிய மிதந்து போங்கள். இடுப்பளவுதானே என்று எழுந்து நிற்காதீர்கள். பாதம் பாறையிடுக்கில் மாட்டினால் தண்ணீர் உடம்பைக் குப்புறத் தள்ளும். லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தும் தலை மேலே வராது. படகுக்கும் பாறைக்கும் நடுவிலும் வராதீர்கள்.

கடற்கரை என்றால் மங்களூருக்கு வடக்கே முல்கி பக்கம் சாம்பவி ஆறு நல்ல தொடக்கம். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலம், வேண்டாம். காலை 6:30 முதல் 9 வரை போய்வந்துவிடுங்கள். மதியம் கடற்காற்று வலுக்கும். கடல் ஏற்றத்தோடு ஆற்றின் உள்ளே போய், கடல் இறக்கத்தோடு திரும்பினால் கைக்கு வேலை குறைவு. ஏற்ற இறக்க நேரம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும் என்பதால் நேற்றைய கணக்கை வைத்துக் கிளம்பாதீர்கள். இறக்கத்தில் முகத்துவாரம் பக்கம் போகவே கூடாது. வெளியே இழுக்கும் தண்ணீர் உள்ளே வரும் அலையோடு மோதி, அங்கே அலை செங்குத்தாக எழும்பும்.

திரும்பியதும் துடுப்பின் நடுமூட்டைக் கழற்றி நல்ல தண்ணீரில் கழுவுங்கள். உப்பும் மணலும் இறுகிவிட்டால் அடுத்த முறை இரண்டு பேர் சேர்ந்து இழுத்தாலும் பிரியாது.