பறித்த பரங்கிக்காயைப் பழுக்க வைப்பது எப்படி?

பனி வரப்போகிறது என்று கொடியிலிருந்த பரங்கிக்காய்களை எல்லாம் அவசரமாகப் பறித்துவிட்டீர்கள். பாதிக் காய் இன்னும் பச்சை. இனி அது பழுக்குமா?

பழுக்கும், ஆனால் கொடியிலேயே ஓரளவு முற்றிய காய்தான் பழுக்கும். பிஞ்சை எத்தனை நாள் வெயிலில் வைத்தாலும் வதங்கி அழுகத்தான் செய்யும். அதனால் முதல் வேலை, காய்களைத் தரம் பிரிப்பது.

படி 1: முற்றலா, பிஞ்சா?

தோலில் நகத்தை அழுத்துங்கள். சட்டென்று இறங்கி ஈரம் கசிந்தால் பிஞ்சு. அதை அந்த வாரமே சமைத்துவிடலாம். நகம் இறங்கவில்லை என்றால் முற்றிவிட்டது. காயைப் புரட்டி, மண்ணில் பட்டுக் கிடந்த இடத்தையும் பாருங்கள். அங்கே வெளிறிய பச்சை போய் மஞ்சளோ ஆரஞ்சோ ஏறியிருந்தால் நல்ல அறிகுறி. காம்பும் பச்சை குறைந்து, தக்கை மாதிரி காய ஆரம்பித்திருக்கும்.

ஒரு விஷயம்: எல்லா வகையும் நிறம் மாறாது. கபோச்சா என்ற ஜப்பானியப் பரங்கியில் பல ரகங்கள் பழுத்தாலும் கரும்பச்சைதான். ஏகார்ன் என்ற சின்னப் பரங்கி வகை முழுக்க ஆரஞ்சானால் அது அளவுக்கு மீறி முற்றி நார் பிடித்துவிட்டது என்று அர்த்தம். உங்கள் ரகம் எதுவென்று தெரிந்துகொண்டு நிறத்துக்குக் காத்திருங்கள்.

படி 2: காம்பைக் காப்பாற்றுங்கள்

இன்னும் பறிக்காத காய் இருந்தால், சுமார் 5 செ.மீ. காம்பு விட்டுக் கத்தரியால் வெட்டுங்கள். காம்பைப் பிடித்துத் தூக்கவே கூடாது. அது ஒடிந்தால் அந்த இடத்தின் வழியாகத்தான் அழுகல் உள்ளே இறங்கும். ஒடிந்துபோனதை முதலில் சமையலுக்கு எடுங்கள். மண்ணை உலர்ந்த துணியால் துடைத்தால் போதும்.

படி 3: வெதுவெதுப்பில் 10 நாள்

27–29 டிகிரி செல்சியஸ் வெப்பமும் நல்ல காற்றோட்டமும் உள்ள இடம் வேண்டும். காய்கள் ஒன்றையொன்று தொடாமல் பரப்பி, சுமார் 10 நாள் விடுங்கள். இந்த வெப்பத்தில் சின்னக் கீறல்கள் ஆறும், தோல் இறுகும், அதிகப்படி ஈரம் வெளியேறும். அரைகுறையாக நிறம் ஏறிய காய்களை வெயில் விழும் ஜன்னலோரம் வைத்து, பச்சைப் பக்கம் வெளிச்சத்துக்கு வரும்படி அவ்வப்போது திருப்புங்கள். வெளியில் வைத்தால் இரவில் உள்ளே எடுத்துவிட வேண்டும். குளிர் பட்டால் பட்ட பாடெல்லாம் வீண்.

ஏகார்னுக்கு மட்டும் இந்தப் படி வேண்டாம். சூட்டில் அதன் ருசி கெட்டுவிடும். நேராக அடுத்த படிக்குப் போங்கள்.

படி 4: இனிப்பு ஏறும்வரை பொறுமை

அப்புறம் 10–13 டிகிரியில், ஈரமில்லாத, இருட்டான அலமாரியில் ஒரே அடுக்காக வையுங்கள். ஃப்ரிட்ஜ் வேண்டாம், 10 டிகிரிக்குக் கீழே நாள்கணக்கில் இருந்தால் சதை கெடும். ஆப்பிள் பக்கத்திலும் வேண்டாம், அதிலிருந்து வரும் எத்திலீன் வாயு காயின் ஆயுளைக் குறைக்கும்.

இங்கேதான் மாவுச்சத்து மெல்ல மெல்லச் சர்க்கரையாக மாறுகிறது. பறித்த அன்று வெட்டினால் மாவு மாவாக இருக்கும் கபோச்சா, சில வாரம் கழித்து வேறு காய் போல இனிக்கும். பட்டர்நட் என்ற பரங்கி வகையும் அப்படித்தான். அதற்காக ரொம்பவும் காத்திருக்க வேண்டாம்: ஏகார்ன் 5–8 வாரம், பட்டர்நட் 2–3 மாதம், ஹப்பார்ட் என்ற வகை 5–6 மாதம் தாங்கும்.

வாரம் ஒருமுறை எடுத்து, காம்படியையும் அடிப்பக்கத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். ஏதாவது ஒரு இடம் மெத்தென்று அமுங்கினால் அந்தக் காயைத் தனியே எடுத்துவிடுங்கள்.