கீமோ ஏற்றி வீட்டுக்கு வந்த பிறகு: முதல் இரண்டு வாரம் என்ன செய்வது?

அம்மாவுக்குப் புற்றுநோய்க்கான முதல் கீமோ (கீமோதெரபி மருந்து) ஏற்றி வீட்டுக்கு அழைத்து வந்தபோது கையில் இருந்தது ஒரு பை மாத்திரையும் ஒரு சீட்டும்தான். எதை எப்போது செய்வது என்று பிடிபட மூன்று சைக்கிள் (மருந்து ஏற்றும் சுற்று) ஆனது. உங்களுக்கு அவ்வளவு நாள் ஆகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. முதலில் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர்

வேகமாகப் பெருகும் செல்களைக் கீமோ அழிக்கிறது. அதில் புற்றுநோய் செல்லோடு, ரத்த அணுக்கள் உருவாகும் எலும்பு மஜ்ஜையும் வாயும் குடலும் முடியின் வேரும் சேர்ந்து அடிவாங்குகின்றன. பல மருந்துகளில் ஏற்றிய 7 முதல் 14 நாளுக்குள், தொற்றை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்துவிடும். அந்த நாட்களில் காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், நடுராத்திரி ஆனாலும் உடனே மருத்துவமனைக்குப் போன் செய்யுங்கள். கேட்காமல் பாராசிட்டமால் கொடுக்காதீர்கள். சூடு இறங்கிவிடும், தொற்று உள்ளேயே இருக்கும்.

இரண்டாவது சைக்கிள், ஒன்பதாம் நாள், இரவு 11 மணி. அம்மாவுக்கு 100.8. "லேசான சூடுதான்டா, தூங்கினா சரியாயிடும்" என்றார். முகத்தில் பெரிதாக எந்த மாற்றமும் இல்லை. போன் செய்தோம், உடனே வரச் சொன்னார்கள். போனதும் ரத்தம் எடுத்து, ஆன்டிபயாடிக் ஏற்றினார்கள். வெள்ளை அணுக்களின் கவுண்ட் அடியோடு குறைந்திருந்தது.

2. குமட்டல்

வாந்தி வந்த பிறகு மாத்திரை தேடக் கூடாது. ஆன்டான்செட்ரான் மாதிரி எழுதிக் கொடுத்ததைச் சொன்ன நேரத்துக்கே கொடுங்கள். அதனால் மலச்சிக்கல் வரலாம், அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். கடுகு தாளிக்கும் வாசனையே அம்மாவுக்குக் குமட்டியது. அதனால் அவர் மாடியில் இருக்கும்போது சமைத்தோம். ஆறிய இட்லி, கஞ்சி என்று இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தோம்.

3. வாய்ப்புண்

காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் சமையல் சோடா. சாப்பிட்ட பிறகும் படுக்கும் முன்பும் கொப்பளித்துத் துப்ப வேண்டும். தினமும் புதிதாகக் கலக்குங்கள். பிரஷ் மிருதுவானதாக இருக்கட்டும். ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் வேண்டாம், எரியும்.

வாயில் ஐஸ் வைத்தால் இதமாக இருக்கும் என்பார்கள். ஆனால் ஆக்சாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்தை ஏற்றியவர்களுக்கு ஐஸ் தண்ணீர் பட்டாலே தொண்டையும் விரல்களும் சுருக்கென்று குத்தும். மருந்தின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

4. வயிற்றுப்போக்கு

ஓஆர்எஸ் பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவு தண்ணீரில் கரைத்து, அடிக்கடி கொஞ்சமாகக் குடிக்க வையுங்கள். ஒரு நாளில் வழக்கத்தைவிட நான்கு முறையோ அதற்கு மேலோ கூடுதலாகப் போனால் டாக்டருக்குச் சொல்லிவிடுங்கள்.

முடி பெரும்பாலும் இரண்டு, மூன்று வாரத்தில் கொட்டத் தொடங்கும். முன்பே குட்டையாக வெட்டிக்கொள்வது பலருக்கு எளிதாக இருக்கிறது.

5. ஒரு தாள்

மருந்தின் பெயர், ஏற்றிய தேதி, மருத்துவமனையின் இரவு நேர எண். இந்த மூன்றையும் பெரிய எழுத்தில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். அன்று இரவு 11 மணிக்கு நான் ஃபைலில் தேடியது இதைத்தான்.