சிதறால் மலைக்கோவில்: இரண்டு மணி நேரத்தில் ஒரு பாறையைப் படிப்பது எப்படி

மார்த்தாண்டத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி "சமணர் குகைக்கு எப்படிப் போகணும்?" என்று கேட்டால் ஆட்டோக்காரர் ஒரு நொடி யோசிப்பார். "சிதறால் மலைக்கோவில்" என்று சொல்லுங்கள், வண்டி உடனே கிளம்பும். பழைய சமணத் தலமான இந்த மலை இருப்பது கன்னியாகுமரி மாவட்டம் விளவங்கோடு தாலுகாவில், மார்த்தாண்டத்திலிருந்து சுமார் 7 கிலோமீட்டர். திருவனந்தபுரம் பக்கத்திலிருந்து வருபவர்கள் களியக்காவிளையில் வண்டி மாறலாம், அல்லது நாகர்கோவில் போகும் பஸ்ஸில் ஏறி நேராக மார்த்தாண்டத்தில் இறங்கலாம். ரயில் என்றால் குழித்துறை ஸ்டேஷன்.

மேலே போகிறவர்களில் பெரும்பாலானோர் சுற்றிலும் தெரியும் காட்சியைப் படம் பிடித்து, ஒரு செல்ஃபி எடுத்துவிட்டு அரை மணி நேரத்தில் இறங்கிவிடுகிறார்கள். ஆயிரம் வருஷத்துக்கு மேல் பழைய சிற்ப வரிசை அவர்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும். கையில் இரண்டு மணி நேரம்தான் இருக்கிறது என்றால் அதில் பெரும்பங்கை அந்த ஒரு பாறை முகத்துக்குக் கொடுங்கள். மீதியெல்லாம் அதற்குப் பிறகு.

கிளம்புவதற்கு முன்

ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர். ஒரு சின்ன டார்ச். போன் வெளிச்சமும் போதும், ஆனால் அதே போனில்தான் படமும் எடுக்கப் போகிறீர்கள் என்றால் தனி டார்ச் நல்லது. கோடு போடாத நோட்டு, பென்சில், 15 சென்டிமீட்டர் ஸ்கேல். ஒரு ஜோடி பழைய காலுறை. கோவில் பகுதியில் செருப்பைக் கழற்ற வேண்டும், பதினொரு மணிக்கு மேல் வெறுங்காலால் அந்தக் கருங்கல்லை மிதித்துப் பார்த்தவர்கள் காலுறையை மறக்க மாட்டார்கள். ட்ரைபாட் வேண்டாம். தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ள இடங்களில் அதற்குத் தனி அனுமதி வேண்டும்.

குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஜூன் மாதமானாலும் சரி, அக்டோபர், நவம்பர் ஆனாலும் சரி, முந்தின நாள் மழை பெய்திருந்தால் பாறையில் பாசி வழுக்கும். அடிப்பகுதி தேய்ந்த செருப்போடு ஏறாதீர்கள்.

படி 1: ஏறும்போதே கண்ணைப் பழக்குவது

அடிவாரத்திலிருந்து கல் பாவிய பாதை. நிதானமாக நடந்தால் 15 முதல் 20 நிமிடம். இருபுறமும் மரங்கள், அவற்றுக்கு நடுவே பெரிய உருண்டைப் பாறைகள். இந்த நேரத்தில் ஒரு வேலை செய்யுங்கள்: இயற்கையாக உடைந்த பாறையின் முகம் எப்படி இருக்கிறது, உளி பட்ட முகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே போங்கள். இயற்கை உடைப்பு பெரிய வளைவாக, தோல் உரிந்தது போல இருக்கும். உளி பட்ட இடத்தில் சிறு சிறு குழிகள் ஒரே திசையில் வரிசையாக ஓடும். மேலே போனதும் எது மலை, எது மனிதக் கை என்று பிரிக்க இது உதவும்.

படி 2: உடனே உள்ளே போகாதீர்கள்

இங்கேதான் எல்லோரும் தவறு செய்கிறார்கள். பாறைகளுக்கு நடுவே குறுகலான வழியைக் கண்டதும் நேராகக் கோவிலுக்குள் நுழைந்துவிடுகிறார்கள். வெளிப் பாறை முகத்தில் இருக்கும் சிற்ப வரிசையைத் திரும்பி வரும்போது பார்க்கலாம் என்று விட்டால், அதற்குள் வெயிலும் ஏறிவிடும், பொறுமையும் போய்விடும்.

சிற்பத்துக்கு எதிரே நாலைந்து அடி தள்ளி நில்லுங்கள். உங்கள் விரலைப் பாறைக்கு அருகே, தொடாமல், நீட்டுங்கள். நிழல் நீளமாகப் பக்கவாட்டில் விழுகிறது என்றால் வெளிச்சம் சரி, புடைப்புகள் நன்றாகத் தெரியும். நிழலே இல்லை, அல்லது விரலுக்கு நேர்கீழே ஒட்டிக்கொண்டு விழுகிறது என்றால் சிற்பம் தட்டையாகத் தெரியும். கல் தேய்ந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம், கோளாறு வெளிச்சத்தில்தான். அப்போது டார்ச்சைப் பாறையோடு ஏறக்குறைய ஒட்டினாற்போல, பக்கத்திலிருந்து சாய்வாக அடியுங்கள். முகத்துக்கு நேரே அடித்தால் இருப்பதும் மறைந்துவிடும். போன் ஃபிளாஷ் எப்போதும் நேராகத்தான் அடிக்கும், ஆகவே அதை அணைத்துவிடுங்கள்.

படி 3: இடமிருந்து வலமாக எண் போடுங்கள்

நோட்டில் நீளமாக ஒரு கோடு. ஒவ்வொரு உருவத்துக்கும் ஒரு கட்டம், ஒரு எண். படம் வரையத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. உட்கார்ந்தவருக்கு முக்கோணம், நின்றவருக்குக் கோடு. பிறகு ஒவ்வொன்றிடமும் கீழ்க்கண்டதை மட்டும் கேளுங்கள்.

தலைக்கு மேல் அடுக்காக மூன்று குடைகள் உண்டா? அது முக்குடை. அப்படியானால் தீர்த்தங்கரர், அதாவது சமணர்கள் வணங்கும் ஞானிகளில் ஒருவர். உள்ளங்கைகளை மடியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து அமர்ந்திருப்பார். நிற்பவர் என்றால் கைகள் உடம்பில் ஒட்டாமல் நேராகத் தொங்கும், ஆடை இருக்காது. புத்தர் என்று சிலர் சொல்லிக்கொண்டு போவதைக் கேட்பீர்கள். புத்தருக்குத் தோளில் மேலாடை உண்டு, முக்குடை கிடையாது.

பாம்பு படம் விரித்து நிற்கிறதா? அது பார்சுவநாதர் என்ற தீர்த்தங்கரர். பெண் உருவம், பாம்புப் படம் என்றால் அவருடைய யட்சி (காவல் தேவதை) பத்மாவதி. பெண் உருவம், அருகில் சிங்கம், குழந்தைகள் என்றால் நேமிநாதர் என்ற இன்னொரு தீர்த்தங்கரரின் யட்சி அம்பிகை. இந்த அம்பிகையிடம் ஐந்து நிமிடமாவது நில்லுங்கள். முதலில் அவள் மட்டும்தான் தெரிவாள். டார்ச்சை இடம் மாற்றினால் சிங்கம் வரும், பிறகு பக்கத்தில் உள்ள சின்ன உருவங்கள் ஒவ்வொன்றாக வெளியே வரும்.

படி 4: எழுத்தைத் தேடுவது

உருவங்களுக்குக் கீழே சிறு வரிகள் இருக்கும். இன்றைய தமிழ் படிக்கத் தெரிந்தவருக்கும் ஒரு எழுத்துகூடப் பிடிபடாது. அது வட்டெழுத்து, தமிழை எழுதப் பயன்பட்ட பழைய எழுத்து முறை. சோழர் ஆட்சி பரவியபோது பாண்டி நாட்டில் அதன் இடத்தைத் தமிழ் எழுத்து பிடித்தது. மேற்கே திருவிதாங்கூர்ப் பக்கம் வட்டெழுத்து பல நூற்றாண்டுகள் தொடர்ந்தது. பெரும்பாலும் புள்ளி வைக்க மாட்டார்கள், அதனால் மெய்யா உயிர்மெய்யா என்பதை இடம் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். முதல் நாளே வாசிக்க முயல வேண்டாம். எந்த உருவத்துக்குக் கீழே எத்தனை வரி என்று மட்டும் நோட்டில் குறியுங்கள்.

அங்கே என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்து நின்றால் பார்வையே மாறிவிடும். இந்த வரிகளில் பல, சிற்பத்தைச் செய்வித்தவர்களின் பெயர்கள். அச்சணந்தி என்ற துறவியின் பெயரும் உண்டு. மதுரையைச் சுற்றியுள்ள சமண மலைகளிலும் இதே பெயரைக் காணலாம். இந்தத் தென்கோடியை ஆண்ட ஆய் மரபின் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று, குணந்தாங்கிக் குரத்திகள் என்பவர் இந்த மலையின் தேவிக்குப் பொன் அணிகலன் கொடுத்ததைச் சொல்கிறது. குரத்தி என்றால் சமணத்தில் பெண் ஆசிரியர். அரட்டநேமி பட்டாரரின் மாணவி அவர். மலையின் பழைய பெயர் திருச்சாரணத்துமலை. சாரணர் என்பது சமணத் துறவிகளைக் குறிக்கும் சொல்.

மன்னனின் ஆட்சியாண்டு, மலையாள நாட்காட்டியின் கொல்லம் ஆண்டு இரண்டும் இந்தப் பக்கத்துக் கல்வெட்டுகளில் வரும். கொல்லம் ஆண்டோடு 825 கூட்டினால் கி.பி. ஆண்டு கிடைக்கும், மாதத்தைப் பொறுத்து ஒன்று குறையலாம்.

எழுத்து தெரியவில்லை என்று சாக்பீஸ், மாவு, தண்ணீர் எதையும் தேய்க்காதீர்கள். சாக்பீஸ் துகள் வெட்டுக்குள் தங்கிவிடும், அதைத் துடைக்கும்போது கல்லின் விளிம்பும் சேர்ந்து போகும். பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் இரண்டு ஆண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

படி 5: படம்

ஒரு உருவத்துக்கு மூன்று படம் போதும். பக்கத்து உருவங்களும் தெரியும்படி ஒன்று, நேர் எதிரே நின்று ஒன்று, கீழே எழுத்து இருந்தால் அதற்கு ஒன்று. எழுத்தை எடுக்கும்போது ஸ்கேலைக் கல்லில் படாமல் பக்கத்தில் யாராவது பிடிக்கட்டும். வானமும் படத்துக்குள் வந்தால் பாறை கரி போல வரும். திரையில் பாறையின் மேல் தொட்டு, வெளிச்ச அளவைச் சற்றுக் கூட்டுங்கள், அல்லது வானமே இல்லாதபடி நெருங்குங்கள். ஒவ்வொரு உருவத்தையும் எடுக்கத் தொடங்கும் முன் நோட்டில் எழுதிய எண்ணை ஒரு படம் எடுங்கள். வீட்டுக்குப் போனதும் நாற்பது படங்களில் எது எது என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியிருக்காது.

இதற்கெல்லாம் 45 நிமிடம் ஆகும். அதற்குக் குறைவாக முடிந்தால் எதையோ தாண்டிவிட்டீர்கள்.

படி 6: உள்ளே, பிறகு மேலே

துருத்தி நிற்கும் பாறையே கூரை. அதன் அடியில் மண்டபம், பலிபீடம், மடைப்பள்ளி, மூன்று கருவறைகள். மகாவீரர், பார்சுவநாதர், தேவி என்று முறையே சொல்வார்கள். 13ஆம் நூற்றாண்டு வாக்கில் இது பகவதி கோவிலாயிற்று. ஆகவே மண்டபத் தூண்களையும் வெளிச் சிற்பங்களையும் ஒரே காலம் என்று முடிச்சுப் போட்டுவிடாதீர்கள். வெட்டி அடுக்கிய கல் இயற்கைப் பாறையைத் தொடும் இடங்களைத் தேடுங்கள். அந்த மூட்டுகள்தான் எது முன்னது, எது பின்னது என்று காட்டும். இருபது நிமிடம் போதும்.

பாறை உச்சியில் சிதைந்த விமானம், பக்கத்தில் ஒரு சுனை. செல்ஃபியை இப்போது எடுக்கலாம், யாரும் தடுக்கப் போவதில்லை. விளிம்புப் பக்கம் பின்னால் நகர்ந்து நகர்ந்து எடுக்காதீர்கள், அவ்வளவுதான். பொழுது சாயும் முன் இறங்கிவிட வேண்டும். மாலையில் வருபவர்கள் மூன்றரைக்குள் அடிவாரத்தில் இருப்பது நல்லது.

நேரம் மிஞ்சினால்

பத்மநாபபுரம் அரண்மனையையும் அதே நாளில் சேர்த்துவிடலாம் என்று பலர் திட்டம் போடுவார்கள். அது தமிழ்நாட்டு மண்ணில் இருந்தாலும் கேரள அரசு பராமரிக்கும் இடம், திங்கட்கிழமை மூடல், அதற்கே அரை நாள் வேண்டும். இரண்டையும் திணித்தால் இரண்டும் அரைகுறையாகப் போகும்.

நாகர்கோவில் வழியாகத் திரும்புபவர்களுக்கு வேறொரு வழி இருக்கிறது. நாகராஜா கோவில் தூண்களில் பார்சுவநாதரும் பத்மாவதியும் உண்டு. காலையில் பாறையில் பார்த்த அதே பாம்புப் படத்தை, எண்ணெய்ப் பிசுக்கும் மஞ்சளும் ஏறிய தூணில் உங்கள் கண் தானாகவே கண்டுபிடிக்கிறதா என்று சோதித்துப் பாருங்கள். அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும். அங்கே படம் எடுக்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள், அது வழிபாடு நடக்கும் கோவில்.