யீஜிங் கேட்க 49 குச்சிகள்: எண்ணும் முறையும் பிழை பிடிக்கும் வழியும்

ஐ சிங் என்று பலர் அறிந்த யீஜிங், கேள்விக்குக் குறி பார்க்கும் பழைய சீன நூல். அதை மூன்று நாணயம் சுண்டியும் கேட்கலாம், ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். குச்சி முறைக்கு அரை மணி நேரமாவது வேண்டும். இரண்டும் ஒரே விடையைத் தரும் இரண்டு வழிகள் என்று நினைப்பது தவறு. ஏன் என்பதைக் கணக்கே பிறகு காட்டும்.

சீனத்தில் இதற்கு ஷி என்ற செடியின் காய்ந்த தண்டுகளை எடுத்தார்கள். ஆங்கிலத்தில் அந்த இனத்துக்கு யாரோ என்று பெயர். தமிழில் சொன்னால் எவரோ வளர்த்த செடி போல ஒலிக்கும். அது கிடைக்காவிட்டால் ஒரே நீளத்தில், 25 முதல் 30 செ.மீ. வரையுள்ள வழவழப்பான மூங்கில் குச்சிகள் போதும். தடிமனும் ஒன்றாக இருக்க வேண்டும். பருத்த குச்சி நடுவில் இருந்தால் கை அங்கேயே பிரிக்கும்.

மொத்தம் 50 குச்சிகள். ஒன்றைத் தனியே வைத்துவிடுங்கள், கடைசி வரை தொடக்கூடாது. மீதி 49தான் வேலை செய்யும். தொடங்கும் முன் இரண்டு முறை எண்ணிக்கொள்ளுங்கள். 48 ஆகவோ 50 ஆகவோ இருந்தால் பின்னால் வரும் எந்தக் கணக்கும் நிற்காது.

கேள்வியை ஒரு வரியில் எழுதி வையுங்கள். "நடக்குமா, நடக்காதா" என்ற கேள்விக்கு இந்த நூல் நன்றாகப் பதில் சொல்லாது. "இந்த நிலையில் எதைக் கவனிக்க வேண்டும்" என்று கேட்டால் அதன் வாசகங்களுக்குப் பொருள் வரும்.

முதல் சுற்று. 49 குச்சிகளையும் பார்க்காமல், யோசிக்காமல் இரண்டாகப் பிரியுங்கள். இடப்பக்கம் வானம், வலப்பக்கம் பூமி. வலக் குவியலிலிருந்து ஒரு குச்சியை எடுத்து இடக்கையின் சுண்டு விரலுக்கும் மோதிர விரலுக்கும் இடையில் செருகுங்கள். அது மனிதன். அடுத்து இடக் குவியலை நான்கு நான்காக ஒதுக்குங்கள்; நான்கு பருவங்களைக் குறிக்கும் எண் இது. கடைசியில் 1, 2, 3 அல்லது 4 குச்சிகள் மிஞ்சும். அவற்றை அடுத்த விரலிடுக்கில் வையுங்கள். வலக் குவியலையும் அப்படியே எண்ணி மிச்சத்தைச் செருகுங்கள்.

பெரும்பாலோர் தடுமாறுவது இங்கேதான். நான்கால் மீதியின்றி வகுபட்டால் மிச்சம் பூஜ்யம் அல்ல, 4. கடைசி நான்கைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

விரல்களில் உள்ளதைக் கூட்டினால் முதல் சுற்றில் 5 அல்லது 9 மட்டுமே வரும். 6 என்றோ 8 என்றோ வந்தால் எங்கோ தவறியிருக்கிறீர்கள்; குச்சிகளைச் சேர்த்து அந்தச் சுற்றை மறுபடி தொடங்குங்கள். கையிலுள்ளவற்றை ஒதுக்கினால் 44 அல்லது 40 மீதி. அதை வைத்து இரண்டாம் சுற்று, அதில் மிஞ்சியதை வைத்து மூன்றாம் சுற்று. இந்த இரண்டிலும் கூட்டுத்தொகை 4 அல்லது 8தான். மூன்று சுற்றும் சேர்ந்தால் ஒரு கோடு.

ஒரு கோட்டைப் போட்டுப் பார்ப்போம். இடம் 22, வலம் 27. வலத்தில் ஒன்று போக 26. மிச்சம் 2, 2. எடுத்த ஒன்றோடு 5. மீதி 44. அடுத்து இடம் 19, வலம் 25. ஒன்று போக 24. மிச்சம் 3, 4, மொத்தம் 8. மீதி 36. மூன்றாவதாக இடம் 17, வலம் 19. ஒன்று போக 18. மிச்சம் 1, 2, மொத்தம் 4. மீதி 32. அதை நான்கால் வகுத்தால் 8.

இப்படி வரக்கூடியவை நான்கே எண்கள். 7 முழுக்கோடு, 8 நடுவில் உடைந்த கோடு, இரண்டும் மாறாதவை. 9 மாறும் முழுக்கோடு, நடுவில் ஒரு வட்டம் போடுங்கள். 6 மாறும் உடைந்த கோடு, இடைவெளியில் பெருக்கல் குறி. கோடுகளைக் கீழிருந்து மேலாக வரைய வேண்டும். ஆறு கோட்டுக்குப் பதினெட்டுச் சுற்று.

மேலே வந்த 8ஐத் தொடர்ந்து 7, 8, 8, 8, 7 வந்ததாக வைத்துக்கொள்வோம். கீழ் மூன்று கோடுகள் நீர், மேல் மூன்றும் மலை. ஆறு கோட்டு உருவத்தைக் குவா என்பார்கள்; இது 4ஆவது குவாவான மெங். மாறும் கோடு இல்லாததால் குவாவின் பொது வாசகத்தை மட்டும் படியுங்கள். இரண்டாவது கோடு 7க்குப் பதில் 9 என்றால், மெங்கின் இரண்டாம் கோட்டு வாசகமே விடை. அந்தக் கோடு உடைந்து 23ஆவது குவாவான போ பிறக்கும். நிலைமை எங்கே போகிறது என்று பார்க்க அது. இரண்டு கோடுகள் மாறினால் இரண்டையும் படித்து மேலே உள்ளதற்கு முதலிடம் தர வேண்டும். மூன்று மாறினால் இரண்டு குவாக்களின் பொது வாசகங்கள். நான்கு மாறினால் இரண்டாம் குவாவில் மாறாமல் நின்ற இரண்டு கோடுகள், அவற்றில் கீழ்க்கோட்டுக்கு முதலிடம். ஐந்து என்றால் மாறாத அந்த ஒரே கோடு. ஆறும் மாறினால் இரண்டாம் குவாவின் பொது வாசகம். முதல் இரண்டு குவாக்களுக்கு மட்டும் இதற்கென்றே தனி வாசகம் உண்டு.

விடை பிடிக்கவில்லை என்று உடனே திரும்பக் கேட்பவர்களுக்கு மெங்கிலேயே பதில் இருக்கிறது: முதல் முறை கேட்டால் சொல்வேன், இரண்டு மூன்று முறை கேட்பது அவமதிப்பு.

நாணயத்துக்கு வருவோம். குச்சியில் 6 வர 16இல் 1 வாய்ப்பு, 9க்கு 3, 7க்கு 5, 8க்கு 7. நாணயத்தில் 6க்கும் 9க்கும் சமமாக 16இல் 2, 7க்கும் 8க்கும் 6. அதாவது குச்சி முறையில் முழுக்கோடு உடைவது, உடைந்த கோடு சேர்வதைவிட மூன்று மடங்கு எளிது. முதல் சுற்றில் நான்கில் மூன்று முறை 5 விழுவதுதான் காரணம். ஆனால் கண்ணால் பார்த்துச் சரிபாதியாகப் பிரிக்கப் பழகிவிட்டால் இந்தக் கணக்கு கெட்டுவிடும். வலப்பக்கம் ஒரே குச்சி வந்தால் எண்ண எதுவும் இராது; மறுபடி பிரியுங்கள்.

இது மாறாத ஆதி முறை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இன்று நாம் செய்வது 12ஆம் நூற்றாண்டில் ஜூ ஷி என்ற சீன அறிஞர் ஒழுங்குபடுத்தியது. யீஜிங்கின் பழைய உரையில் இருந்தது சுருக்கமான குறிப்பு மட்டுமே. ஷாங், மேற்குச் சோவு என்ற பழைய சீன அரச மரபுகளின் காலத்து எலும்புகளிலும் வெண்கலப் பாத்திரங்களிலும் இருந்த எண் தொகுதிகளைக் குவாக்கள் என்று 1978இல் சாங் செங்லாங் என்ற சீன ஆய்வாளர் விளக்கினார். அவற்றில் 1, 5 என்ற எண்களும் உள்ளன. நம் 49 குச்சிகளை எப்படிப் பிரித்தாலும் அந்த இரண்டும் வராது. 1973இல் சாங்ஷா அருகே மாவாங்துய்யில், கி.மு. 168இல் மூடிய கல்லறையிலிருந்து எடுத்த பட்டுச் சுவடியில் குவாக்களின் வரிசையே வேறு. ஆகவே அந்தச் சுவடியின் மொழிபெயர்ப்பை வைத்துப் படிப்பவர்கள் வரிசை எண்ணை நம்பித் தேடாமல், கோடுகளின் உருவத்தைப் பார்த்தே குவாவைத் தேட வேண்டும்.