வெங்காய வேருக்குள் இருக்கும் பூஞ்சையைப் பார்ப்பது எப்படி?

நாற்றங்காலுக்கு 'வேம்' (VAM, வேரோடு கூட்டாக வாழும் பூஞ்சை உரம்) பாக்கெட் வாங்கிப் போடுகிறவர்களில் பலர் அந்தப் பூஞ்சையைக் கண்ணால் பார்த்ததே கிடையாது. நானும் ரொம்ப நாள் அப்படித்தான். ஒரு மைக்ரோஸ்கோப், வினிகர், பேனா மை, கொஞ்சம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரம் இருந்தால் பார்த்துவிடலாம்.

1. வரப்பில் ரொம்ப நாளாகக் கிளறாத இடத்துப் புல்லடி மண்ணை, பொடி வேர்களோடு எடுத்து, சம அளவு ஆற்று மணல் கலந்து இரண்டு தொட்டிகளில் நிரப்புங்கள். ஒன்றில் சின்ன வெங்காயம், மற்றதில் கடுகு. டிஏபி உரம் வேண்டாம். மணிச்சத்து (பாஸ்பரஸ்) தாராளமாகக் கிடைத்தால் செடி பூஞ்சையை அவ்வளவாகச் சேர்த்துக்கொள்ளாது. பற்றாக்குறை வந்தால்தான் வேர் ஸ்ட்ரிகோலாக்டோன் என்ற ஹார்மோனை அதிகம் கசியவிட்டு அதைக் கூப்பிடும்.

2. 6, 7 வாரம் கழித்து மெல்லிய வேர்களைக் கழுவி, 1 செ.மீ. துண்டுகளாக நறுக்குங்கள்.

3. கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, 90 மி.லி. தண்ணீரில் 10 கிராம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடை மெதுவாகக் கரையுங்கள். காரத்தின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. அலுமினியப் பாத்திரமும் ஆகாது, அரித்துவிடும். வேர்த் துண்டுகளைக் கண்ணாடிக் குப்பியில் இந்தக் கரைசலோடு போட்டு, கொதிநீருக்குள் நிறுத்தி, வேர் கண்ணாடிபோல் தெளியும்வரை வையுங்கள். அவ்வப்போது எட்டிப் பாருங்கள். முதல் தடவை நான் விட்டுவிட்டு வந்து பார்த்தபோது கூழ்தான் மிச்சம்.

4. நாலைந்து தடவை நன்றாக அலசி, 95 மி.லி. வினிகரில் 5 மி.லி. கறுப்பு ஃபவுண்டன் பேனா மை கலந்து, அதில் 3 நிமிடம் கொதிக்கவிடுங்கள். பிறகு சில சொட்டு வினிகர் விட்ட தண்ணீரில் 20 நிமிடம் ஊறட்டும்.

5. கண்ணாடிச் சில்லில் வைத்து லேசாக அழுத்தி, 100 மடங்கில் தேடுங்கள். செல்களுக்கு இடையே நூல் நூலாக ஓடுவது பூஞ்சை இழை. 400 மடங்கில் ஒரு செல்லுக்குள் குட்டி மரம் கிளைவிட்டதுபோல் தெரிந்தால், அதுதான் ஆர்பஸ்கியூல். கொடுக்கல் வாங்கல் நடக்கும் இடம். பூஞ்சை செல்லின் சவ்வைக் கிழிப்பதில்லை. சவ்வே உள்வாங்கி ஒவ்வொரு கிளையையும் உறைபோல் போர்த்திக்கொள்கிறது. அந்த உறையைத் தாண்டித்தான் மணிச்சத்து செடிக்கும், சர்க்கரையும் கொழுப்பும் பூஞ்சைக்கும் போகின்றன. இந்தப் பூஞ்சைக்குக் கொழுப்பு அமிலத்தைச் சொந்தமாகத் தயாரிக்கவே வராது. இந்தக் குட்டி மரத்துக்கு ஆயுள் சில நாள்தான், பிறகு செடியே கரைத்துவிடும். பலூன்போல் உருண்டையாகத் தெரிந்தால், அது எண்ணெய் சேமிக்கும் பை.

கடுகு வேரையும் இதேபோல் பாருங்கள். குட்டி மரம் ஒன்றுகூடத் தென்படாது. கடுகுக் குடும்பம் இந்தக் கூட்டில் சேர்வதில்லை. அடுத்த முறை முட்டைக்கோஸ், முள்ளங்கிக்கு யாராவது வேம் போடச் சொன்னால், காசை மிச்சம் பிடியுங்கள்.