மனம் கனக்கும்போது இசையோடு ஒரு கற்பனைப் பயணம்

வருத்தத்தில் இருக்கும்போது துள்ளலான பாட்டைப் போட்டால் பெரும்பாலும் எரிச்சல்தான் வரும். முதலில் மனநிலைக்கு ஒத்த இசை, பிறகு மெல்ல மெல்ல மாற்றம் என்பதே இசைச் சிகிச்சையாளர்களின் வழி.

வயலின் கலைஞரும் இசைச் சிகிச்சையாளருமான ஹெலன் பானி, 1970களில் அமெரிக்காவில் இசையையும் கற்பனையையும் இணைத்து ஒரு சிகிச்சை முறையை உருவாக்கினார். உடலைத் தளர்த்திப் படுத்திருப்பவர், செவ்வியல் இசையைக் கேட்டபடி மனத்தில் எழும் காட்சிகளைச் சொல்லிக்கொண்டே வருவார். சிகிச்சையாளர் உடனிருந்து வழித்துணையாவார். முழு முறைக்குப் பயிற்சி பெற்றவர் தேவை. அதன் சிறு துளியை மட்டும் நாமே முயலலாம்.

ஐந்து நிமிட வாத்திய இசை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பாடல் வரிகள் வேண்டாம், மனம் அவற்றின் பின்னால் போய்விடும். கண்களை மூடி, பாதுகாப்பாக உணரும் ஓர் இடத்தை நினையுங்கள். ஜன்னலோர நாற்காலி போதும். வெயில் எந்தப் பக்கமிருந்து விழுகிறது? கைப்பிடி வழுவழுப்பா, சொரசொரப்பா? காட்சி தெளியாவிட்டால் கவலைப்படாதீர்கள். சிலருக்கு வெறும் நிறம்தான் தெரியும், சிலருக்குத் தோள்களில் ஓர் இளக்கம் மட்டுமே. முடிந்ததும் உடனே எழாமல், கண்டதை நான்கு வரி எழுதுங்கள் அல்லது கிறுக்கலாக வரையுங்கள். பலரும் விட்டுவிடும் இந்தப் பகுதியைத்தான் நான் மிக முக்கியமாக நினைக்கிறேன்.

கசப்பான நினைவு எழுந்து நெஞ்சு படபடத்தால், இசையை நிறுத்திக் கண்களைத் திறந்து, பாதங்களைத் தரையில் அழுத்தமாக ஊன்றுங்கள். மறுபடியும் அப்படி நேர்ந்தால் தனியாகத் தொடராமல் மனநல நிபுணரிடம் சொல்லுங்கள்.