ஓட்டமா, ரவுண்டா? புதிதாகக் குத்துச்சண்டை பழகுபவர்களுக்கு எட்டு வாரப் பயிற்சி

"ஏலே, இன்னும் ரெண்டு சுத்து ஓடிட்டு வாலே." குத்துச்சண்டை பழக வரும் பிள்ளைகள் திருநெல்வேலிப் பக்கம் முதலில் கேட்பது இதைத்தான். ஓட்டம், தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை, அப்புறம் பேக்கில் (தொங்கவிட்ட குத்து மூட்டையில்) குத்து என்பதே பழைய முறை. இவற்றில் பெரும்பாலானவை இன்றும் பயன்படும். மாற வேண்டியது நேரமும் ஓய்வும்தான்.

ஒலிம்பிக் முறைப் போட்டியில் 3 நிமிடம் வீதம் 3 ரவுண்டு, நடுவில் 1 நிமிட ஓய்வு. அந்த 3 நிமிடமும் ஒரே வேகத்தில் போகாது. சில வினாடி முழு வேகத்தில் நாலைந்து குத்து, பிறகு நகர்வு, மறுபடி ஒரு பாய்ச்சல். பத்துக் கிலோமீட்டர் அசராமல் ஓடுகிறவர் இரண்டாவது ரவுண்டில் கையைத் தொங்கவிட்டு நிற்பதற்குக் காரணம், அவர் உடம்பு இந்த ஏற்ற இறக்கத்தைப் பழகவில்லை. ஓட்டமே வேண்டாம் என்று பேக்கை மட்டும் அடிக்கிறவருக்கு வேறு சிக்கல். ஒரு பாய்ச்சலில் செலவான சக்தியைத் தசை திரும்ப ஈட்டுவது ஆக்சிஜனைக் கொண்டுதான். ஓட்டத்தால் வரும் அந்த அடித்தளம் இல்லாதவருக்கு 1 நிமிட ஓய்வு போதாது. ஆகவே இரண்டும் வேண்டும், முதலில் ஓட்டம், பிறகு ரவுண்டு.

முதல் படி: நாடியை எண்ணுங்கள்

நெஞ்சுவலி, மயக்கம், இழுப்பு இருந்தால் முதலில் மருத்துவரைப் பாருங்கள். மற்றவர்கள் 3 நிமிடம் நல்ல வேகத்தில் ஷேடோ பாக்ஸிங் (எதிராளி இல்லாமல் காற்றில் குத்துவது) செய்யுங்கள். முடிந்ததும் மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து 15 வினாடி நாடியை எண்ணி நாலால் பெருக்குங்கள். ஒரு நிமிடம் கழித்து மறுபடி எண்ணுங்கள். 170-லிருந்து 140-க்கு இறங்கினால் நல்லது. 20 கூட இறங்கவில்லை என்றால் அடுத்த படியில் கூடுதலாக இரண்டு வாரம் இருங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இதே சோதனையைச் செய்து நோட்டில் எழுதி வையுங்கள்.

இரண்டாம் படி: மெதுவான ஓட்டம், நாலு வாரம்

வாரம் மூன்று நாள், 25 முதல் 30 நிமிடம். பக்கத்தில் ஓடுபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம்தான் சரியான வேகம். பையன்கள் தோற்கும் இடமே இதுதான். கூட வருபவரை முந்தத் தொடங்கிவிடுவார்கள், மெது ஓட்டம் பந்தயமாகிவிடும். மாலையில் குத்துப் பழகக் காலில் தெம்பு இருக்காது.

தார்ச்சாலையில் தேய்ந்த கேன்வாஸ் ஷூ போட்டுத் தினமும் ஓடினால் முன்னங்கால் எலும்பு ஓரம் வலிக்கத் தொடங்கும். மண்தரை மைதானமோ, அகலமான வாய்க்கால் கரையோ நல்லது. வயல் வரப்பு வேண்டாம், கணுக்கால் பிசகும். தினமும் பத்துக் கிலோமீட்டர் என்ற பழக்கத்துக்கு வலு சேர்த்தது, தொழில்முறைப் பட்டப் போட்டிகள் 15 ரவுண்டு நடந்த காலம். 1980-களில் அவையே 12 ஆகக் குறைந்தன. 9 நிமிடம் சண்டை போடப் போகிறவருக்கு அந்தத் தூரம் தேவையில்லை.

மற்ற நாட்களில் 3 ரவுண்டு ஸ்கிப்பிங். கயிற்றின் நடுவில் நின்றால் கைப்பிடி அக்குள் வரை வர வேண்டும். கயிறு நுழையும் அளவுக்குக் குதித்தால் போதும்.

மூன்றாம் படி: ஓட்டத்தை ரவுண்டாக மாற்றுங்கள்

ஐந்தாம் வாரத்தில் ஒரு நாள் மெது ஓட்டத்தை எடுத்துவிட்டு இதை வையுங்கள்: 10 நிமிடம் உடம்பைச் சூடாக்கி, 3 நிமிடம் வேகமாக ஓடி, 1 நிமிடம் நடந்து, இப்படி 4 முறை. ஏழாம் வாரத்திலிருந்து 5 முறை. 400 மீட்டர் ஓடுபாதை கிடைத்தால் அளக்க எளிது. தொடக்க நிலையில் 3 நிமிடத்தில் 600 மீட்டர் வந்தாலே நன்று. எத்தனை மீட்டர் என்பதைவிட, ஒவ்வொரு 3 நிமிட ஓட்டத்திலும் ஏறக்குறைய அதே தூரம் வருகிறதா என்பது முக்கியம். நாலாவது ஓட்டம் முதல் ஓட்டத்தைவிட 50 மீட்டருக்கு மேல் குறைந்தால் தொடக்கத்திலேயே வாரி இறைத்துவிட்டீர்கள். குத்துச்சண்டை வளையத்துக்குள்ளும் அதே தவறுதான் நடக்கும்.

நாலாம் படி: பேக்

பேக்கின் எடை உங்கள் எடையில் பாதி அளவு இருக்கட்டும். ஆற்று மணலை நிரப்பித் தொங்கவிடாதீர்கள். மணல் அடியில் இறங்கிக் கல்லாக இறுகும், மேல்பகுதி தொளதொளக்கும், விரல் எலும்பும் மணிக்கட்டும் அடிபடும். தையல் கடையில் கிடைக்கும் வெட்டுத்துணியைச் சிறு துண்டுகளாக இறுக்கி அடைப்பதே நல்லது. கையில் 4.5 மீட்டர் பேண்டேஜ் சுற்றி, 12 அல்லது 14 அவுன்ஸ் கிளவுஸ் போடுங்கள்.

ரவுண்டு இப்படி: 10 வினாடி முழு வேகத்தில் நேர்க்குத்துகள், 20 வினாடி பேக்கைச் சுற்றி நகர்ந்தபடி இலகுவான ஜாப் (முன்கையால் விடும் நேர்க்குத்து). இதை 6 முறை செய்தால் 3 நிமிடம். 1 நிமிட ஓய்வோடு 3 ரவுண்டு. கவனிக்க வேண்டியது அந்த 20 வினாடியைத்தான். பலர் அப்போது கையை இறக்கிவிட்டு மூச்சு வாங்குவார்கள். அசதியில் பழகியதே போட்டியிலும் வரும், எதிராளி அடிக்கும் நேரமும் அதுதான். கை கன்னத்தை விட்டு இறங்கினால் அந்த ரவுண்டை அங்கேயே நிறுத்துங்கள். நுணுக்கப் பயிற்சியை எப்போதும் இதற்கு முன்னால், உடம்பு புதிதாக இருக்கும்போதே முடித்துவிட வேண்டும்.

ஐந்தாம் படி: பலம்

இருநூறு பஸ்கி தொடையின் தாக்குப்பிடிக்கும் திறனை வளர்க்கும். ஆனால் குத்தின் வேகம் கால் தரையைச் சட்டென்று உதைப்பதில் தொடங்குகிறது. அதற்கு எண்ணிக்கை குறைவாக, வேகம் அதிகமாக வேண்டும். எகிறிக் குதிக்கும் பஸ்கி 3 தடவை ஐந்தைந்து, கையால் தரையை வேகமாகத் தள்ளும் தண்டால் 4 தடவை எட்டெட்டு, 3 கிலோ மெடிசின் பந்தை (கனமான பயிற்சிப் பந்து) இடுப்பைத் திருப்பிச் சுவரில் எறிவது பக்கத்துக்கு 3 தடவை ஆறாறு. ஒவ்வொரு தடவைக்கும் நடுவே ஒன்றரை நிமிட ஓய்வு.

கர்லாக்கட்டையைக் கைவிட வேண்டாம். 2 கிலோ கட்டையைப் பக்கத்துக்குப் பத்து வீதம் இரண்டு தடவை சுற்றுவது, நாளெல்லாம் முன்னோக்கியே குத்தும் தோளைத் திறந்துவிடும். டம்பெல் பிடித்துக்கொண்டு ஷேடோ செய்வதை விட்டுவிடுங்கள். எடை கையைக் கீழே இழுக்கிறது, குத்தோ முன்னே போக வேண்டியது. இதனால் குத்தின் பாதை கெடும், தோளும் வலிக்கும்.

பணகுடி பக்கம் வடலிவிளையில் பொங்கலுக்கு இளவட்டக்கல் தூக்குவதைப் பார்த்துவிட்டு அதை முயலும் ஆர்வம் பலருக்கு வரும். அது தனிக் கலை, முதுகை வளைத்துத் தூக்கிப் பழகக் காலம் பிடிக்கும். தொடக்க நிலையில் 20 கிலோ மணல்மூட்டையை நெஞ்சோடு அணைத்து, முதுகை நேராக வைத்து, எட்டு முறை தூக்கி இறக்குங்கள். எதிராளி கட்டிப்பிடிக்கும்போது தள்ளும் பலம் அதிலேயே கிடைக்கும்.

வாரத்தை அமைப்பது

ஐந்தாம் வாரத்திலிருந்து திங்கள் ரவுண்டு ஓட்டம், புதனும் வெள்ளியும் மெது ஓட்டம், செவ்வாயும் சனியும் பலம், வியாழன் பேக், ஞாயிறு முழு ஓய்வு. ரவுண்டு ஓட்டமும் பேக்கும் அடுத்தடுத்த நாளில் வரக் கூடாது. காலையில் எழுந்ததும் எண்ணும் நாடி வழக்கத்தைவிட 8, 10 கூடியிருந்தால் அன்று மெது ஓட்டத்தோடு நிறுத்துங்கள்.

வெயிலும் எடையும்

சித்திரை, வைகாசியில் காலை எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள். பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் அடுத்த சில மணி நேரத்தில் ஒன்றரை லிட்டர் வரை கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். வெறும் தண்ணீரைவிட உப்புப் போட்ட நீராகாரம் நல்லது. வியர்வையில் போன உப்பும் கொஞ்சம் மாவுச்சத்தும் சேர்ந்தே கிடைக்கும்.

எடை குறைக்க பிளாஸ்டிக் கோட்டு போட்டு ஓடும் வழக்கத்தை அடியோடு ஒழிக்க வேண்டும். குறைவது கொழுப்பு இல்லை, தண்ணீர். வியர்வை ஆவியாக முடியாததால் உடம்புச் சூடு ஏறிக்கொண்டே போகும். 1997-ல் அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் போட்டி எடைக்கு இறங்கும் முயற்சியில் இறந்தார்கள். அதன் பிறகுதான் அங்கே கல்லூரிப் போட்டிகளில் ரப்பர் உடைக்குத் தடை வந்தது. போட்டிக்கு ஒரு வாரம் இருக்கையில் எடை இரண்டு கிலோவுக்கு மேல் கூடியிருந்தால், மாஸ்டரிடம் சொல்லி அடுத்த எடைப் பிரிவில் பெயர் கொடுங்கள்.